ஊசி இல்லாமல் ஈறுக்குள் சுத்தம்: அப்பாவுக்கு அந்த ஜெல் போதுமா?

யீஷூனில் இருக்கும் ஒரு தங்கை தன் அப்பாவைப் பற்றிக் கேட்டிருக்கிறார். அப்பாவுக்கு வயது 68, நீரிழிவு வந்து 15 வருடம். பல் துலக்கினால் ரத்தம், காலையில் வாய் நாற்றம், கீழ் முன்பற்கள் இரண்டு லேசாக ஆடுகின்றன. பல் மருத்துவர் ஈறைச் சுற்றி அளந்துவிட்டு, பல இடங்களில் 5, 6 மில்லிமீட்டர் ஆழம் இருக்கிறது, ஊசி போட்டு மரத்துப்போக வைத்து நான்கு தடவையாக உள்ளே சுத்தம் செய்ய வேண்டும் என்றாராம். ஊசி என்ற சொல் காதில் விழுந்ததும் அப்பா எழுந்து வந்துவிட்டார். அதோடு நான்கு மாதம் ஓடிவிட்டது. இப்போது பக்கத்து புளோக்கில் ஒருவர், "ஊசியே போடாமல் ஜெல் விட்டுச் செய்கிறார்கள்" என்று சொல்லியிருக்கிறார். அது உண்மையா, நீரிழிவு உள்ளவருக்கு ஆகுமா, வலி முழுக்கப் போகுமா என்பது அவர் கேள்வி.

உண்மைதான். அப்படி ஒரு ஜெல் இருக்கிறது, ஈறு சுத்தத்துக்கென்றே செய்தது. உங்கள் அப்பாவின் நிலைமையில் பெரும்பாலான பற்களுக்கு அது போதும் என்றுதான் நான் நினைக்கிறேன். சில இடங்களுக்குப் போதாமலும் போகலாம். நீரிழிவு அதற்குத் தடை இல்லை, ஆனால் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டிய வேறு ஒரு விஷயம் இருக்கிறது, அதைப் பின்னால் சொல்கிறேன். இங்கே சிங்கப்பூரில் பல் சிகிச்சையகங்களில் 26 வருடம் ஈறு சுத்தம் செய்யும் வேலையில் இருந்தவள் நான். உங்கள் அப்பாவைப் போல எழுந்து போனவர்கள் எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறேன். அதில் பாதிப் பேர் பல் விழுந்த பிறகுதான் திரும்பி வந்தார்கள். அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

முதலில், அந்த 5, 6 என்ற எண் என்ன என்று அப்பாவுக்குப் புரிய வேண்டும். பல்லுக்கும் ஈறுக்கும் நடுவே எல்லாருக்கும் ஒரு சின்ன இடுக்கு உண்டு. சட்டைப் பை மாதிரி இருப்பதால் பாக்கெட் என்போம். ஒவ்வொரு பல்லையும் சுற்றி ஆறு இடத்தில், கோடு போட்ட மெல்லிய கம்பியால் அதன் ஆழத்தை அளப்பார்கள். 1 முதல் 3 மில்லிமீட்டர் என்றால் நல்ல ஈறு. 4-ஐத் தாண்டினால் பல் பிரஷ் அங்கே எட்டாது. 6 என்றால் பல்லைப் பிடித்திருக்கும் எலும்பு ஏற்கனவே கரையத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். அந்தப் பைக்குள் வேரை ஒட்டிக் காரை படிந்திருக்கும், கறுப்பாக, கல் மாதிரி. அதன்மேல் கிருமிகள் குடியிருக்கும். அதை வேர் வரைக்கும் போய் எடுத்தால்தான் ஈறு ஆறும். வெளியே தெரியும் பல்லை மட்டும் பளபளப்பாக்கி அனுப்பினால் ஒரு பயனும் இல்லை.

ஆகவே ஊசி வேண்டுமா வேண்டாமா என்பது இரண்டாவது கேள்விதான். கருவி பையின் அடி வரைக்கும் போகிறதா என்பதே முதல் கேள்வி. வலி தாங்காமல் ஆள் நெளிந்தால் கை தானாகவே மேலோட்டமாகப் போய்விடும். எனக்கே அப்படி நடந்திருக்கிறது. பாவமாக இருக்கும், "சரி, இன்றைக்கு இவ்வளவு போதும்" என்று விட்டுவிடுவோம். மூன்று மாதம் கழித்து அளந்தால் அதே 6 அப்படியே இருக்கும். நோயாளிக்கு நல்லது செய்வதாக நினைத்துக் கெடுதல் செய்திருப்போம். மரத்துப்போகும் மருந்து நோயாளியின் வசதிக்கு மட்டும் அல்ல, வேலை முழுதாக முடிவதற்கும்தான்.

இப்போது ஜெல்லுக்கு வருகிறேன். ஓராகிக்ஸ் என்பது அதன் விற்பனைப் பெயர். அமெரிக்காவில் 2003-ன் கடைசியில் அனுமதி கிடைத்தது. லிடோகெயின், பிரிலோகெயின் என்ற இரண்டு மரப்பு மருந்துகள் அதில் தலா 2.5 விழுக்காடு இருக்கின்றன. லிடோகெயின் பல் ஊசியில் இருக்கும் அதே மருந்துதான். 1943-ல் சுவீடனில் நில்ஸ் லோஃப்கிரென் உருவாக்கியது, 1948-லிருந்து விற்பனையில் இருக்கிறது. அதாவது அப்பா பிறப்பதற்கு முன்பே புழக்கத்துக்கு வந்த மருந்து. புதிய சோதனை மருந்து எதையோ வாயில் விடுகிறார்கள் என்று அவர் பயப்பட வேண்டியதில்லை.

புதுமை மருந்தில் இல்லை, அதை உள்ளே அனுப்பும் விதத்தில் இருக்கிறது. இரண்டு மருந்தும் தனித்தனியாக இருக்கும்போது திடப்பொருள். லிடோகெயின் உருக 68 டிகிரி செல்சியஸ் வேண்டும். ஆனால் இரண்டையும் சம அளவில் கலந்தால் 18 டிகிரியிலேயே எண்ணெய் போல ஆகிவிடும். இது நம் வீட்டுப் பெரியவர்களுக்குத் தெரிந்த வித்தைதான். நாட்டு மருந்துக் கடையில் ஓம உப்பு, புதினா உப்பு, கற்பூரம் மூன்றையும் வாங்கி ஒரு குப்பியில் போட்டுக் குலுக்கினால், ஒரு சொட்டுத் தண்ணீர் சேர்க்காமலே நீராகிவிடுமே, அதே இயல்பு. இப்படித் திரவமாக இருக்கும் மருந்து சதைக்குள் சீக்கிரம் இறங்கும்.

அப்புறம் இன்னொரு நுட்பம். திரவத்தைப் பைக்குள் விட்டால் எச்சிலோடு வழிந்து வெளியே வந்துவிடாதா? அதற்காகச் சூடு பட்டால் கெட்டியாகும் ஒரு பொருளை அதில் சேர்த்திருக்கிறார்கள். நாம் தீபாவளிக்குச் செய்யும் அகார் அகார் ஆறினால் உறையும், இது அதற்கு நேர் எதிர். அறையின் குளிர்ச்சியில் தண்ணீர் மாதிரி ஓடும், உடம்புச் சூட்டில் ஜெல்லாகி நிற்கும். முனை மழுங்கிய மெல்லிய குழாயால் பைக்குள் விடுவார்கள். உள்ளே இறங்கும்போது திரவம், இறங்கி உட்கார்ந்த பிறகு ஜெல். அந்தக் குழாய் தூரத்திலிருந்து பார்த்தால் ஊசி மாதிரிதான் தெரியும். இதை அப்பாவிடம் முன்பே சொல்லிவையுங்கள், இல்லாவிட்டால் அதைப் பார்த்தே அவர் எழுந்துவிடுவார். தொட்டுப் பார்க்கக் கொடுக்கச் சொல்லிக் கேளுங்கள். நான் எப்போதும் ஒன்றை எடுத்து அவர்கள் விரல் நுனியில் அழுத்திக் காட்டிய பிறகுதான் தொடங்குவேன்.

செய்முறை சிறியது. முதலில் ஈறின் விளிம்பில் ஓட்டமாக விட்டு 30 விநாடி காத்திருப்பார்கள். பிறகு குழாயைப் பைக்குள் இறக்கி, ஜெல் விளிம்பில் எட்டிப்பார்க்கும் வரை நிரப்பி, மறுபடி 30 விநாடி. அவ்வளவுதான், சுத்தம் தொடங்கலாம். ஏறத்தாழ 20 நிமிடம் மரப்பு நிற்கும், ஆளுக்கு ஆள் 14-லிருந்து 27 நிமிடம் வரை மாறும். போதாவிட்டால் மறுபடி விடலாம். ஒரு குப்பியில் 1.7 கிராம் இருக்கும், வாயில் ஒரு கால்பகுதிக்குப் பொதுவாக அது போதும். ஒரே அமர்வில் 5 குப்பிக்கு மேல் கூடாது.

அந்த 30 விநாடியை முழுசாகக் காத்திருக்க வேண்டும். அவசரத்தில் பத்தாவது விநாடியிலேயே கருவியை வைத்துவிட்டு "ஜெல் வேலை செய்யவில்லை" என்று சொன்னவர்களை நான் பார்த்திருக்கிறேன். இன்னொன்று நம் ஊர் வெப்பம். நான் முன்பு வேலை பார்த்த ஓரிடத்தில் கருவிகளை ஆவியில் சுத்திகரிக்கும் இயந்திரத்துக்குப் பக்கத்து அலமாரியில் குப்பிகளை வைத்துவிட்டோம். உள்ளேயே ஜெல்லாகி, குழாய் வழியாக வரவே இல்லை. நாற்காலியில் ஒரு அம்மா வாயைத் திறந்து காத்திருக்கிறார், நான் குப்பியோடு போராடிக்கொண்டிருக்கிறேன். சிறிது நேரம் குளிர்பெட்டியில் வைத்தால் திரும்பவும் திரவமாகிவிடும், உறையவிடக் கூடாது என்று அன்றைக்குத்தான் கையாலேயே கற்றுக்கொண்டேன்.

சரி, ஊசி தரும் அளவுக்கு இது வலியைப் போக்குமா? நேர்மையாகச் சொன்னால், இல்லை. ஊசியின் மரப்பு ஆழமானது, அதிக நேரம் நிற்பது. இரண்டையும் ஒரே ஆட்களிடம் செய்து ஒப்பிட்ட ஆய்விலும் வலியை ஊசிதான் அதிகம் குறைத்தது. ஆனால் அதே ஆய்வில், அடுத்த முறை எது வேண்டும் என்று கேட்டபோது பெரும்பாலோர் ஜெல்லைத்தான் கேட்டார்கள். எனக்கு இதில் ஆச்சரியம் இல்லை. கொஞ்சம் வலி தெரிந்தாலும் பரவாயில்லை, ஊசி வேண்டாம், பாதி முகம் மரத்துப்போய் வீட்டுக்குப் போக வேண்டாம் என்று நினைப்பவர்கள் நிறையப் பேர்.

எந்த வலி போகும், எது போகாது என்பதைச் சொல்ல நம் மொழியிலேயே நல்ல சொற்கள் இருக்கின்றன. ஈறு வலிக்கும், பல் கூசும். நாம் இரண்டையும் ஒன்றாகக் குழப்புவதில்லை. ஐஸ் மைலோ குடித்தால் பல் கூசுகிறது என்போமே தவிர வலிக்கிறது என்று சொல்வதில்லை. இந்த ஜெல் ஈறின் வலியை எடுக்கும், ஏனென்றால் அது போய்ச் சேரும் இடம் வீங்கி, புண்ணாகிக் கிடக்கும் பையின் உட்சுவர். அந்தச் சுவர் மெல்லியது, வெளி ஈறு போலத் தடித்ததல்ல, மருந்து எளிதாக ஊறிவிடும். ஆனால் கூச்சம் பல்லின் உள்நரம்பிலிருந்து வருவது. ஈறு இறங்கி வேர் வெளியே தெரிகிற பல்லில் குளிர்ந்த தண்ணீர் அடிக்கும் அதிர்வுக் கருவி பட்டால் சுரீர் என்று இருக்கும். அதை இந்த ஜெல் அவ்வளவாகத் தடுக்காது. தண்ணீரை வெதுவெதுப்பாக்குவது, கருவியின் வேகத்தைக் குறைப்பது, அந்தப் பல்லுக்கு மட்டும் கைக்கருவியை எடுப்பது, கூச்சம் குறைக்கும் பூச்சைத் தடவுவது எல்லாம் அங்கே உதவும். அதனால் அப்பாவை வெறுமனே வலிக்கிறது என்று சொல்லவிடாதீர்கள். மருத்துவர் சீனரோ மலாய்க்காரரோ யாராக இருந்தாலும், ஈறில் வலியா பல்லில் கூச்சமா என்று பிரித்துச் சொல்லக் கூடவே ஒருவர் இருந்தால் நல்லது. நம் அப்பாக்கள் எதற்கெடுத்தாலும் "பரவாயில்லை, பரவாயில்லை" என்பார்கள், ஆனால் நாற்காலிக் கைப்பிடியைப் பிடித்திருக்கும் விரல்கள் வெளுத்திருக்கும். நான் வாயை விட அந்த விரல்களைத்தான் அதிகம் பார்ப்பேன்.

ஜெல் போதாத இடங்கள் எவை? பின் கடைவாய்ப் பல்லில் இரண்டு வேர்கள் பிரியும் இடத்துக்குள் நோய் போயிருந்தால், 7, 8 மில்லிமீட்டர் பையில் கெட்டியான காரை இருந்தால், ஈறைத் திறந்து செய்யும் அறுவை சிகிச்சை என்றால், பல் எடுப்பதென்றால், அங்கெல்லாம் ஊசி வேண்டும். அதில் பிடிவாதம் வேண்டாம். என்னிடம் ஒரு பாட்டி வந்துகொண்டிருந்தார், வெற்றிலை போடும் பழக்கம் உள்ளவர், ஊசி என்றாலே கையெடுத்துக் கும்பிடுவார். மூன்று அமர்வு ஜெல்லிலேயே முடித்தோம். நான்காவது அமர்வில் மேல் கடைவாயில் ஒரு பல், ஜெல்லை இரண்டு முறை விட்டும் தாங்கவில்லை. நான் கருவியைக் கீழே வைத்துவிட்டேன். பாட்டியே சொன்னார்: "இவ்வளவு நாள் நீ வலிக்காம பாத்துக்கிட்ட, அந்த ஒரு பல்லுக்குப் போட்டுக்கச் சொல்லும்மா." மருத்துவர் வந்து போட்டார், பாட்டி கண்ணை மூடிக்கொண்டு இருந்தார், அவ்வளவுதான். முதல் நாளே ஊசியை எடுத்திருந்தால் அவர் திரும்பி வந்திருக்க மாட்டார். ஜெல்லின் பெரிய நன்மை என்று நான் நினைப்பது இதைத்தான், பயந்தவரை நாற்காலியில் உட்கார வைப்பது.

ஊசி போட்டே ஆக வேண்டும் என்றாலும் வலியைக் குறைக்க வழி உண்டு. குத்துவதை விட, இறுக்கமான சதைக்குள் மருந்து வேகமாகப் போகும்போது ஏற்படும் அழுத்தம்தான் அதிகம் வலிக்கும். இடத்தைத் துடைத்துக் காயவைத்து, மேல்பூச்சு ஜெல்லைத் தடவி ஒன்றிரண்டு நிமிடம் விட்டு, மெல்லிய ஊசியால், நிதானமாக, நிமிடத்துக்கு ஒரு மில்லிலிட்டருக்கு மேல் போகாமல் செலுத்தினால் பலர் குத்தியதையே உணரமாட்டார்கள். கணினி வேகத்தைக் கட்டுப்படுத்தும் கருவிகளும் சில இடங்களில் இருக்கின்றன. "மெதுவாகப் போடுங்கள்" என்று கேட்பது உங்கள் உரிமை, யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள்.

அந்த மேல்பூச்சு ஜெல்லையும் நான் சொல்லும் ஜெல்லையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். பழ வாசனையோடு பஞ்சில் எடுத்துத் தடவுவது பென்சோகெயின், அது தோலின் மேல்பகுதியை மட்டும் சிறிது நேரம் மரக்க வைக்கும், பைக்குள் நடக்கும் வேலைக்கு உதவாது. தோலில் தடவும் எம்லா கிரீமிலும் இதே இரண்டு மருந்துதானே, அதை வாங்கி ஈறில் தடவிக்கொண்டு போகலாமா என்று ஒருவர் என்னிடம் கேட்டார். கூடாது. அது வாய்க்கென்று செய்ததல்ல, பையில் நிற்காது, வழிந்து தொண்டைக்குப் போகும், எவ்வளவு விழுங்கினோம் என்ற கணக்கும் இருக்காது. கிராம்புத் தைலத்தைப் பஞ்சில் நனைத்து ஈறில் வைத்துக்கொண்டு வருபவர்களும் உண்டு. ஈறு வெந்து வெள்ளையாகியிருக்கும், அன்றைக்கு ஒன்றும் செய்ய முடியாமல் அனுப்ப வேண்டியதாகிவிடும். வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் கொப்பளிப்பது மட்டும் போதும்.

லேசரில் செய்தால் வலியே இல்லை என்று விளம்பரங்கள் வருகின்றன. 2020-ல் வெளியான ஐரோப்பிய ஈறு சிகிச்சை வழிகாட்டி, வழக்கமான சுத்தத்தோடு சேர்த்து லேசர் பயன்படுத்தப் பரிந்துரைக்கவில்லை. என் அனுபவத்திலும் காசுதான் கூடும். சிரிப்பு வாயு பயத்தைத் தணிக்கும், வலியை ஓரளவுதான். மிகவும் பயந்தவருக்கு அதையும் ஜெல்லையும் சேர்த்துச் செய்வது நல்ல யோசனை.

இனி முன்பு சொன்ன அந்த எச்சரிக்கை. பிரிலோகெயின் உடம்பில் சிதையும்போது உண்டாகும் ஒரு பொருள், ரத்தத்தின் ஆக்ஸிஜன் சுமக்கும் திறனைச் சிலருக்குக் குறைத்துவிடும். உதடும் நகமும் நீலம் பாரிக்கும், மூச்சு வாங்கும், தலை சுற்றும். இதற்கு மெத்தீமோகுளோபினீமியா என்று பெயர். ஈறு ஜெல்லின் அளவுக்கு இது அரிது, ஆனால் ஜி6பிடி குறைபாடு, அதாவது ரத்தச் சிவப்பணுக்களைக் காக்கும் ஒரு நொதி பிறவியிலேயே குறைவாக, உள்ளவர்களுக்கு வாய்ப்பு அதிகம். மெத்தீமோகுளோபினீமியா ஏற்கனவே உள்ளவர்கள் இந்த ஜெல்லைப் பயன்படுத்தவே கூடாது. சிங்கப்பூரில் பிறக்கும் குழந்தைகளுக்கு 1965 முதல் தொப்புள்கொடி ரத்தத்தில் ஜி6பிடி பார்த்துவிடுகிறார்கள், அதனால் இளையவர்களுக்குத் தங்களுக்கு அது இருக்கிறதா இல்லையா என்று தெரியும். உங்கள் அப்பா அதற்கு முன் பிறந்தவர். அவருக்குப் பார்த்திருக்க வாய்ப்பில்லை. உங்கள் அண்ணன் தம்பிகளுக்கோ பிள்ளைகளுக்கோ, அப்பாவின் உடன்பிறந்தவர்கள் வீட்டிலோ பாச்சை உருண்டை கூடாது, சில மாத்திரை கூடாது என்று பிறந்தபோதே சொல்லியிருந்தால், பல் மருத்துவரிடம் அதைக் கட்டாயம் சொல்லுங்கள். நெஞ்சுவலிக்கு நாக்கடியில் வைக்கும் நைட்ரேட் மாத்திரை, வலிப்புக்கான ஃபெனிட்டாயின், டாப்சோன், சல்ஃபா வகை மருந்துகள், இதயத் துடிப்பைச் சீராக்கும் மாத்திரை எதையாவது அப்பா சாப்பிட்டால் அதையும் சொல்ல வேண்டும். மருந்து உறைகளை அப்படியே ஒரு பையில் போட்டு எடுத்துப் போவது எல்லாவற்றிலும் சுலபம். முன்பு பல் ஊசி போட்டு ஒவ்வாமை வந்திருந்தாலும் சொல்லுங்கள், ஏனென்றால் இரண்டும் ஒரே குடும்ப மருந்து. 18 வயதுக்குக் கீழே இருப்பவர்களுக்கு இந்த ஜெல் இல்லை.

மற்றபடி சின்ன அசௌகரியங்கள்தான். கசக்கும். நாக்கு நுனி கொஞ்ச நேரம் மரத்திருக்கும். சிலருக்கு ஈறு எரியும், சிலருக்குத் தலைவலி.

நீரிழிவு உள்ளவருக்கு இந்த ஜெல்லில் ஒரு தனி வசதி உண்டு, அதைப் பலர் யோசிப்பதில்லை. கீழ்த்தாடைக்கு ஊசி போட்டால் உதடும் கன்னமும் இரண்டு மூன்று மணி நேரம் மரத்திருக்கும். சாப்பிட முடியாது, சாப்பிட்டால் கன்னத்தைக் கடித்துக்கொள்வார். மாத்திரையோ இன்சுலினோ எடுத்துக்கொண்டு நேரத்துக்குச் சாப்பிடாமல் இருந்தால் சர்க்கரை இறங்கிவிடும். ஜெல் என்றால் அரைமணி நேரத்தில் உணர்வு திரும்பிவிடும், ஆறிய பிறகு வழக்கம்போலச் சாப்பிடலாம். உணர்வு வரும்வரை சூடான தே தாரிக் மட்டும் வேண்டாம். காலைச் சந்திப்பாகக் கேளுங்கள். பசியாறிவிட்டு, மாத்திரையும் போட்டுவிட்டு வரட்டும். ரத்தத்தை இளக்கும் மாத்திரை இருந்தால் நீங்களாக நிறுத்த வேண்டாம், மருத்துவரைக் கேளுங்கள்.

இதைத் தள்ளிப்போடக் கூடாது என்பதற்கும் நீரிழிவுதான் காரணம். சர்க்கரை கட்டுக்குள் இல்லாவிட்டால் ஈறு கெடும், ஈறில் புண் இருந்தால் சர்க்கரை கட்டுக்குள் வராது. ஈறு நோய்க்குச் சிகிச்சை செய்தவர்களின் மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை அளவு, அதாவது எச்பிஏ1சி, சராசரியாக 0.4 புள்ளி அளவுக்குக் குறைந்ததை ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்துச் சொல்லியிருக்கிறார்கள். கூடுதலாக ஒரு மாத்திரை சேர்ப்பதால் கிடைக்கும் பலனுக்குக் கிட்டத்தட்ட இணை. பலதுறை மருந்தகத்தில் (பாலிகிளினிக்) சர்க்கரைக்காகப் பார்க்கும் மருத்துவரிடமும் ஈறு நோய் இருப்பதைச் சொல்லிவையுங்கள்.

இன்னும் ஒன்றை அப்பா நினைத்துக்கொண்டிருப்பார், வெளியே சொல்லமாட்டார். பல்லைச் சுரண்டினால் ஆட்டம் கண்டுவிடும், விழுந்துவிடும் என்று. சுத்தம் செய்த பிறகு பல்லிடுக்கு பெரிதாகத் தெரியும், வேர் கொஞ்சம் வெளியே வரும், சில வாரம் கூசும், இது உண்மை. ஆனால் அந்த இடத்தை அடைத்துக்கொண்டிருந்தது காரையும் வீக்கமும். சுவரில் விரிசலைப் பூசி மறைத்த மாதிரி காரை ஆடுகிற பற்களைச் சேர்த்துப் பிடித்திருக்கும். அதை எடுத்ததும் முன்பே இருந்த ஆட்டம் வெளியே தெரிகிறது. வீக்கம் வடிந்து ஈறு இறுகும்போது பல நேரம் ஆட்டமே குறைந்துவிடும். இரண்டு மூன்று மாதம் கழித்து மறுபடி அளப்பார்கள். 4-க்குள் வந்து, தொட்டால் ரத்தம் வராமல் இருந்தால் நல்ல முடிவு. அதுவரை பல்லிடுக்கில் விடும் சின்னப் பிரஷை ராத்திரி தவறாமல் பயன்படுத்த வேண்டும். அது இல்லாமல் எந்த ஜெல்லும் எந்த ஊசியும் பலன் தராது.

செலவைப் பொறுத்தவரை, அப்பா 1950-களில் பிறந்த மெர்டேக்கா தலைமுறையைச் சேர்ந்தவராக இருப்பார், சாஸ் என்ற அரசாங்கச் சலுகைத் திட்டத்தில் இருக்கும் தனியார் பல் மருந்தகங்களில் பல் சிகிச்சைகளுக்குச் சலுகை உண்டு. எதற்கு எவ்வளவு என்பதை அங்கேயே கேளுங்கள். மெடிசேவ் என்ற மருத்துவச் சேமிப்புக் கணக்கிலிருந்து ஈறு அறுவை சிகிச்சைக்கு எடுக்கலாம், மற்ற சிகிச்சைகளுக்கு எடுக்க முடியுமா என்பதையும் அங்கேயே கேளுங்கள். நோய் முற்றியிருந்தால் பலதுறை மருந்தகம் வழியாகப் பரிந்துரைக் கடிதம் வாங்கி ஊட்ரமில் இருக்கும் தேசியப் பல் மருத்துவ நிலையத்துக்கோ, கெண்ட் ரிட்ஜில் இருக்கும் தேசியப் பல்கலைக்கழக வாய்ச் சுகாதார நிலையத்துக்கோ போகலாம், ஈறு நிபுணர்கள் அங்கே இருக்கிறார்கள். காத்திருக்க வேண்டியிருக்கும், ஆகவே இன்றே தொடங்குங்கள்.

தொலைபேசியில் கேட்கும்போது "ஊசி இல்லாமல் செய்வீர்களா" என்று கேட்காதீர்கள். மேல்பூச்சு ஜெல்லை நினைத்துக்கொண்டு ஆமாம் என்பார்கள். "பாக்கெட்டுக்குள் விடும் லிடோகெயின், பிரிலோகெயின் ஜெல் வைத்திருக்கிறீர்களா" என்று கேளுங்கள். இல்லை என்றால் அடுத்த இடத்தைக் கேளுங்கள். அப்பாவின் பயத்தையும் அப்போதே சொல்லிவிடுங்கள். அவர் வயதுக்காரர்கள் பலருக்கு இந்தப் பயம் பள்ளிக்கூடப் பல் மருந்தகத்தில் தொடங்கியது. வகுப்பு நடந்துகொண்டிருக்கும்போது கதவு திறக்கும், பெயர் வாசிப்பார்கள், போனவன் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு திரும்பி வருவான். எனக்கும் அந்தக் கதவுச் சத்தம் இன்னும் நினைவிருக்கிறது.

முதல் நாள் நான்கில் ஒரு பகுதி மட்டும், அதுவும் ஆழம் குறைந்த பக்கம், என்று பேசிக்கொள்ளுங்கள். அப்பா இடது கையைத் தூக்கினால் உடனே நிறுத்த வேண்டும் என்று எல்லாரும் முன்பே ஒத்துக்கொள்ள வேண்டும், தொடங்கி ஐந்து நிமிடத்தில் அவர் ஒரு தடவை சும்மாவாவது தூக்கிப் பார்க்கட்டும். நிறுத்துகிறார்கள் என்று கண்ணால் கண்டுவிட்டால் அவர் தோள் தானாக இறங்கும். அதற்குப் பிறகு அவர் கையைத் தூக்குவது குறைந்துவிடும், நான் பார்த்தவரை.